மின்ட்டில் பிறந்த பிழையா, வெளியே பட்ட அடியா?

ஒரு பத்து ரூபாய்க் காசு. நடுவிலுள்ள வெள்ளை வட்டம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. சிங்கங்கள் சாய்ந்து நிற்கின்றன. சுற்றியுள்ள மஞ்சள் வளையத்தின் எழுத்துகள் மட்டும் தம் இடத்தில் சரியாக இருக்கின்றன. "மிஸ்டேக் காயின் சார், ஐயாயிரத்துக்குக் குறையாது" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

வேண்டாம். லென்ஸ்கூட எடுக்க வேண்டியதில்லை. இரட்டை உலோகக் காசில் வளையமும் நடு வட்டமும் தனித்தனித் துண்டுகளாகத்தான் அச்சு இயந்திரத்துக்குள் போகின்றன. அங்கே ஒரே அச்சு, ஒரே அடியில், இரண்டின் மேலும் விழுகிறது. சிங்கமும் எழுத்தும் ஒரே அச்சில் செதுக்கப்பட்டவை. ஆகவே அந்த அச்சு எவ்வளவு திரும்பியிருந்தாலும் இரண்டும் சேர்ந்துதான் திரும்பும். நடு வட்டம் மட்டும் தனியாகத் திரும்பியிருந்தால், காசு அடித்து முடித்த பிறகு யாரோ அதைத் தட்டி வெளியே எடுத்து மறுபடி பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். இரு உலோகமும் சந்திக்கும் கோட்டை உற்றுப் பார்த்தால் தட்டிய தடமும் பெரும்பாலும் தெரியும்.

புதிதாகக் காசு சேர்ப்பவர்கள் ஒரு காசு எவ்வளவு விநோதமாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். பழகியவர்கள் கேட்பது வேறு கேள்வி: காசு தயாராகும் எந்தக் கட்டத்தில் இப்படி நடந்திருக்க முடியும்? அப்படி ஒரு கட்டத்தைக் காட்ட முடிந்தால் அது மின்ட் பிழை, அதாவது நாணயச்சாலையிலேயே நேர்ந்த பிழை. காட்ட முடியாவிட்டால் அது சேதம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. எனவே முதலில் காசு எப்படித் தயாராகிறது என்று சுருக்கமாகத் தெரிந்துகொண்டுவிடலாம்.

ஒரு காசு அடிக்கப்படும் விதம்

நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் அரசு நாணயச்சாலைகள் இருக்கின்றன. ஆண்டுக்குக் கீழே சின்ன வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இந்தப் புள்ளியையும் நட்சத்திரத்தையுமே "பிழை" என்று விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நாணயச்சாலையில் முதலில் நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்டத் துண்டுகளை வெட்டி எடுப்பார்கள். படம் எதுவும் இல்லாத அந்த வெறும் துண்டுக்குப் பிளாங்க் என்று பெயர். அதைச் சூடாக்கி மென்மையாக்கிக் கழுவுவார்கள். ஓரத்தை நெருக்கி உருட்டி, விளிம்பை லேசாக மேடாக்குவார்கள். அப்புறம்தான் அச்சு. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் பிளாங்க். உலோகம் பக்கவாட்டில் பரவிவிடாதபடி பிளாங்கைச் சுற்றிக் காலர் என்ற எஃகு வளையம். ஒரே அடி, காசு தயார். இப்போதைய இயந்திரங்கள் நிமிடத்துக்குப் பல நூறு காசுகளை இப்படி அடித்துத் தள்ளுகின்றன. அந்த வேகத்தில் ஒன்றிரண்டு கோணலாகப் போவதில் அதிசயமில்லை.

இதில் இரண்டு விஷயத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். அச்சில் மேடாக இருப்பது காசில் பள்ளமாக வரும். இரண்டாவது, உண்மையான பிழைகள் எல்லாமே அந்த அடிக்கு முன்போ, அடி விழும் கணத்திலோ நடந்தவை. அதனால் பிழையின் மேல் அச்சின் அழுத்தம் பதிந்திருக்கும். வெளியே பட்ட சேதம் முடிந்துபோன படத்தின் மேல் வந்து விழுந்தது. கீறலாகட்டும், நசுங்கலாகட்டும், அது ஏற்கெனவே இருந்த எழுத்தைக் கெடுத்துக்கொண்டு நிற்கும்.

பிளாங்கிலேயே இருந்த குறை

ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு குறைந்த காசு பலரிடமும் இருக்கும். வீட்டில் மைதா மாவைத் திரட்டி டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டும்போது, மூடியை ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் படும்படி வைத்துவிட்டால் பிறை மாதிரி ஓரம் போன பூரி கிடைக்குமே, அதேதான். தகடு சரியான அளவு நகராமல் அடுத்த வெட்டு விழுந்துவிட்டது. தகட்டின் நேரான ஓரத்தில் வெட்டு விழுந்தால் குறை நேர்கோடாக இருக்கும்.

சரி, இதையே அரம் வைத்து ராவியும் செய்யலாமே? செய்கிறார்கள். இங்கேதான் காசைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே, காசின் அந்தக் கோடிக்குப் பார்வையைக் கொண்டுபோங்கள். உண்மையான வெட்டுக் காசில் பெரும்பாலும் அந்த இடத்தில் விளிம்பு மெலிந்தோ மங்கியோ இருக்கும், சில காசுகளில் இல்லாமலே போயிருக்கும். காரணம் எளிது. ஓரத்தை உருட்டும் இயந்திரம் பிளாங்கை இரண்டு பக்கமும் நெருக்கித்தான் விளிம்பை எழுப்புகிறது. ஒரு பக்கம் உலோகமே இல்லாத இடம் வரும்போது எதிர்ப் பக்கத்துக்கும் நெருக்கம் கிடைக்காது. விளிம்பு எழும்பாத அந்தப் பிளாங்க் அப்படியே அச்சுக்குப் போய்விடுகிறது. இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். எல்லா வெட்டுக் காசிலும் பளிச்சென்று தெரியும் என்று சொல்ல முடியாது. வெட்டு சிறியதாக இருந்தால் சந்தேகமாகத்தான் இருக்கும். ஆனால் பட்டறையில் உட்கார்ந்து ராவுகிற ஆளுக்கு எதிர்ப் பக்க விளிம்பைப் பற்றிய நினைப்பு வருவது அபூர்வம்.

அப்புறம் வெட்டை ஒட்டிய எழுத்துகள். அடி விழும்போது அங்கே வெற்றிடம் இருப்பதால் உலோகம் அந்தப் பக்கமாக வழிந்திருக்கும். எழுத்துகள் கொஞ்சம் இழுபட்டு, வெட்டை நெருங்க நெருங்க மெலிந்து மங்கும். பின்னால் வெட்டியதென்றால் எழுத்து முழுக் கனத்துடன் வந்து, கத்தி பட்ட மாதிரி சட்டென்று நிற்கும். வெட்டின் சுவரில் இணையான அரக்கோடுகளும், ஓரத்தில் நகத்தில் மாட்டும் பிசிறும் இருக்கும்.

பழைய செம்பு, வெள்ளிக் காசுகளில் மேல்தோல் உரிந்த மாதிரி ஒரு செதில் பெயர்ந்திருப்பதும் பிளாங்கின் குறைதான். உலோகக் கலவையில் அழுக்கோ காற்றோ சிக்கியதால் வருவது. செதில் போன பள்ளத்துக்குள்ளேயும் படம் பதிந்திருந்தால் அடிக்கு முன்பே உரிந்தது. பள்ளம் வெறும் சொரசொரப்பாக இருந்தால் பிற்பாடு உரிந்தது. இரண்டாவதும் கலவைக் குறையால் வந்ததாக இருக்கலாம் என்பதால் இதில் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அச்சு தேய்ந்து, விரிந்து, அடைபட்டு

அச்சு எஃகுதான் என்றாலும் லட்சக்கணக்கான அடி கொடுத்த பிறகு விரிசல் விடும். அந்த விரிசலுக்குள் காசின் உலோகம் புகுந்து, காசில் மெல்லிய மேட்டுக் கோடாக வரும். கோணல்மாணலாக, பெரும்பாலும் விளிம்பிலிருந்து கிளம்பி ஏதாவது ஓர் எழுத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும். கீறல் இதற்கு நேர்மாறு: அது பள்ளம், பக்கத்தில் உலோகம் ஒதுங்கி எழும்பிய வரம்பு. மேடா பள்ளமா என்ற இந்த ஒரு கேள்வியே "எரர்" என்று வருகிற காசுகளில் கணிசமானதைக் கழித்துவிடும். போட்டோவில் மட்டும் இது ஏமாற்றும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் பள்ளம் மேடாகவே கண்ணுக்குத் தோன்றும். காசு கையில் இருந்தால் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள்.

விரிசல் முற்றி அச்சின் ஓரத் துண்டே உடைந்து விழுந்துவிட்டால் காசின் விளிம்பை ஒட்டி உருவமில்லாத ஒரு மேட்டுத் திட்டு வரும். அதே இடத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். அங்கே படம் மங்கலாக இருக்க வேண்டும், ஏனென்றால் உலோகம் உடைந்த பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது. பற்றவைப்பு ஈயத்தை ஒட்டி இப்படி ஒரு திட்டு உண்டாக்கலாம், மறுபக்கத்தை மங்கவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

எண்ணோ எழுத்தோ காணாமல் போன காசுகள் அடுத்த வகை. அச்சின் பள்ளத்தில் கிரீசும் உலோகத் தூளும் கெட்டியாக அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து காசில் வராது, அல்லது நிழலாக மட்டும் வரும். இந்தியக் காசுகளில் இது சாதாரணமாகக் கிடைக்கிற பிழை. பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். சோதிக்கும் முறை இதுதான். எழுத்து இருக்க வேண்டிய இடத்தின் தரையையும் (காசின் வெற்றுப் பரப்பைத்தான் தரை என்கிறேன்) பக்கத்துத் தரையையும் ஒரே வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். அச்சு அடைபட்ட காசில் இரண்டும் ஒரே மட்டத்தில், ஒரே மினுமினுப்பில் இருக்கும். எழுத்து படிப்படியாக மங்கி மறையும். சுரண்டிய காசில் அந்த இடம் மட்டும் தாழ்ந்து, வேறு மாதிரி பளபளக்கும்.

இந்த வகையில் உலகமே அறிந்த காசு ஒன்று இருக்கிறது. 1937இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் அடித்த ஐந்து சென்ட். அதன் பின்பக்கத்தில் ஒரு காட்டெருமை நிற்கும். அச்சில் பட்டிருந்த தழும்பைப் போக்க ஓர் ஊழியர் அதைத் தேய்க்கப்போய், எருமையின் முன்னங்கால் ஒன்றே தேய்ந்து போய்விட்டது. மூன்று கால் எருமையுடன் காசுகள் வெளியே வந்தன. இன்று நல்ல விலை. உடனே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சாதாரண 1937 காசை வாங்கி ஒரு காலைச் சுரண்டி எடுத்து விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். ஆனால் அச்சைத் தேய்த்தபோது கால் மட்டும் போகவில்லை. பின்னங்கால் ஒன்று செல்லரித்த மாதிரி மெலிந்தது. வயிற்றுக்குக் கீழே தரைவரை மேடான சிறு புள்ளிகள் ஒரு வரிசையாக விழுந்தன. காசைச் சுரண்டுபவரால் ஒரு காலை எடுத்துவிட முடியும். மேடான புள்ளிகளைப் புதிதாகச் சேர்க்க எங்கே போவார்?

எழுத்து இரட்டையாகத் தெரியும் காசுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அச்சைச் செய்யும்போதே அதில் படத்தை இரண்டு முறை, சற்றே விலகி அழுத்திவிட்டால், அந்த அச்சிலிருந்து வரும் எல்லாக் காசிலும் எழுத்து இரட்டையாக இருக்கும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் இதற்குப் பேர்போனது. ஆண்டையும் வாசகங்களையும் வெறுங்கண்ணாலேயே இரண்டு இரண்டாகப் பார்க்கலாம். அதில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு, முழு உயரத்தில் இருக்கும், முனைகளில் பிளவு தெரியும். நமக்குச் சில்லறையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு சமாச்சாரம். அச்சு இயந்திரத்தில் சற்றுத் தளர்வாக இருந்து, அடித்த கணத்திலேயே கொஞ்சம் வழுக்கி எழுத்தின் ஓரத்தைத் தள்ளிவிடுகிறது. அப்போது எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையான, தாழ்ந்த படிக்கட்டு ஒன்று வரும்; மூல எழுத்து அந்த அளவுக்கு ஒல்லியாகிவிடும். நாணயச்சாலைக்குள் நடந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளில்லை.

அடி தவறியபோது

பிளாங்க் அச்சுக்கு நடுவில் சரியாக உட்காரவில்லை என்றால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் வெறும் பிறை மிஞ்சும். முகப்பும் பின்பக்கமும் சேர்ந்தே விலகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லேசாக விலகியிருந்தால் அது ஓர் அச்சு மட்டும் நகர்ந்த சின்னக் கோளாறு. நம் காசுகளில் தாராளமாகக் கிடைக்கும்.

காலர் வேலை செய்யாதபோது அடி விழுந்தால் உலோகம் தடுப்பில்லாமல் பரவும். காசு வழக்கத்தைவிட அகலமாக, மெல்லியதாக, விளிம்பில்லாமல் வரும். ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசும் அகலமாக, மெல்லியதாகத்தான் இருக்கும். எடையும் இரண்டிலும் மாறாது, ஆகவே தராசு இங்கே உதவாது. எழுத்தைப் பாருங்கள். காலர் இல்லாமல் அடித்த காசில் நடுப்பகுதிப் படம் அதே அளவில், கூர்மையாக இருக்கும். ஓரம்தான் வெளியே பரவியிருக்கும், காசும் ஏறத்தாழ வட்டமாகவே இருக்கும். தண்டவாளக் காசில் படமே ஒரு திசையில் நீண்டு வழவழத்துப் போயிருக்கும். வட்டம் முட்டை வடிவாகியிருக்கும். சின்ன வயதில் ரயில்வே லைன் ஓரம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடித்த காசு வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்து வரும் பிளாங்கின் ஒரு பக்கம் அச்சின் மேல் படாமல், ஒட்டிய காசின் மேல் படும். அதனால் அந்தப் பக்கத்தில், இன்னொரு பக்கத்தின் படமே பள்ளமாகவும் இடவலம் மாறியும் பதியும். சேகரிப்பவர்கள் இதை ப்ரோக்கேஜ் என்பார்கள். பிரிட்டிஷ் காலக் காசுகளிலும் உண்டு, நம் எஃகு ரூபாயிலும் உண்டு. விலை போகும் வகை என்பதால் இதற்கும் போலி உண்டு: இரண்டு காசை ஒன்றன்மேல் ஒன்றாக வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் இறுக்கியோ சுத்தியலால் அடித்தோ செய்வார்கள். அப்போதும் பள்ளமான, திரும்பிய எழுத்து வரும். வித்தியாசம், அடியில் பழைய படம் கிடக்கும் என்பதுதான். உண்மையான ப்ரோக்கேஜில் அந்தப் பக்கத்துக்குரிய படம் பிறக்கவே இல்லை. வைஸில் இறுக்கிய காசிலோ அந்தப் படம் நசுங்கித் தட்டையாகி, பள்ள எழுத்துக்கு இடையிடையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முகப்புக்கும் பின்பக்கத்துக்கும் திசை மாறிய காசுகளும் உண்டு. நம் இன்றைய காசுகளில் முகப்பை நேராகப் பிடித்து இடவலமாகத் திருப்பினால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். ஒரு அச்சு தன் இருக்கையில் திரும்பிக்கொண்டால் பின்பக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ வரும். ஒரே உலோகக் காசில் இதைக் கையால் செய்வது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்பதால் புதியவர்கள் தைரியமாகத் தேடக்கூடிய பிழை இது. அமெரிக்கக் காசை வைத்து இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள். அது இயல்பாகவே தலைகீழாக இருக்கும், அவர்கள் வழக்கம் அப்படி.

நடுத் துண்டே இல்லாத பத்து ரூபாய், இருபது ரூபாய் வளையங்கள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. பெரும்பாலானவை தட்டி எடுத்தவை. நடுவில் துண்டு இல்லாமலே ஒரு வளையம் அச்சுக்குப் போயிருந்தால், அந்த அடியில் உலோகம் ஓட்டைக்குள்ளும் பரவியிருக்கும். ஓட்டையின் ஓரம் பழைய ஒழுங்கில் இருக்காது. கச்சிதமான வட்ட ஓட்டையும், உட்சுவரில் நடுத் துண்டு பிடித்திருந்த தடமும் இருந்தால், அது முழுக் காசாகப் பிறந்து பிறகு பிரிக்கப்பட்டது.

வெளியே நடப்பவை

நம் ஊரில் காசு படும் பாட்டுக்கு அளவில்லை. கழுத்தில் தொங்கும், இடுப்புக் கயிற்றில் தொங்கும், உண்டியலில் விழும், மஞ்சளிலும் குங்குமத்திலும் ஊறும், புளி போட்டுத் தேய்க்கப்படும். காசு மாலைக்காக வளையம் பற்றவைத்த வெள்ளி ரூபாய்கள் இன்னும் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. வளையத்தை எடுத்துவிட்டாலும் மேல் ஓரத்தில் சாம்பல் நிறத் திட்டு, தேய்த்து மழுங்கிய பக்கவாட்டுப் பற்கள் என்று தடம் நிற்கும். அதை "உலோகக் கட்டி ஒட்டிய பிழை" என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. ஓட்டை போட்ட காசும் அப்படித்தான். துளையைச் சுற்றி உதடு போல உலோகம் எழும்பியிருக்கும், துளை எழுத்தின் நடுவே புகுந்து போயிருக்கும். நாணயச்சாலையே ஓட்டையோடு வெளியிட்ட காசும் நம்மிடம் உண்டு: 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா. அதன் படமே ஓட்டையைச் சுற்றித்தான் அமைந்திருக்கும்.

நிறம் மாறிய காசு அடுத்த பெரிய வியாபாரம். செம்பு நிறத்தில் ஒரு ரூபாய், பொன் நிறத்தில் இரண்டு ரூபாய். மயில்துத்தக் கரைசலும் ஒரு பேட்டரியும் இருந்தால் எஃகுக் காசின் மேல் செம்புப் பூச்சு ஏற்றிவிடலாம். பூச்சு, எழுத்தின் மூலைமுடுக்கில் தேங்கி நிற்கும். தேய்கிற மேட்டில் அடி உலோகம் வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். காந்தம் வைத்தால் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் உள்ளே இருப்பது அதே எஃகுதான். இதற்கும் அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற முன்கதை உண்டு. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் ஒரு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். பழைய வெண்கலப் பிளாங்குகள் சில எப்படியோ கலந்துபோய், சில காசுகள் மட்டும் வெண்கலத்தில் வந்துவிட்டன. அவற்றின் விலை இன்று கற்பனைக்கு எட்டாது. எஃகு சென்ட்டுக்குச் செம்பு பூசி விற்பது அன்றிலிருந்தே நடக்கிறது. எஃகு என்றால் 2.70 கிராம், காந்தத்தில் ஒட்டும். வெண்கலம் என்றால் 3.11 கிராம், ஒட்டாது. ஒரு நிமிட வேலை.

அமிலத்தில் போட்ட காசு மெலிந்து, எழுத்து ஒல்லியாகி, தரை முழுக்கக் குழிகுழியாக இருக்கும். தகடு மெலிந்ததால் வந்த உண்மையான மெல்லிய காசில் தரை வழவழப்பாகவே இருக்கும், படம் திட்டுத்திட்டாக நிரம்பாமல் நிற்கும்.

இரண்டு பக்கமும் தலை, அல்லது இரண்டு பக்கமும் பூ உள்ள காசு மந்திரவாதிகளுக்காகச் செய்வது. ஒரு காசின் உட்பகுதியைக் குடைந்து, இன்னொன்றைச் சீவி உள்ளே பொருத்துவார்கள். விளிம்பின் உள்வட்டத்தை லென்ஸில் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒட்டிய கோடு தெரியும். தரையில் போட்டால் ஓசை செத்திருக்கும். பொருந்தாத இரண்டு அச்சு நாணயச்சாலையிலேயே சேர்ந்துவிடுவதும் உண்டு. பிரிட்டனில் 2008ஆம் ஆண்டு வடிவமைப்பு மாறியபோது, ஆண்டு பொறித்திருக்கும் இடமும் பின்பக்கத்திலிருந்து முகப்புக்கு மாறியது. பழைய முகப்பும் புதிய பின்பக்கமும் சேர்ந்து, எங்கேயுமே ஆண்டு இல்லாத இருபது பென்ஸ் காசுகள் புழக்கத்துக்குப் போயின. அந்தக் காசில் ஒட்டுப்போட்ட தடம் எதுவும் கிடையாது, எடையும் சரியாக இருக்கும். எந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்பதை அந்த நாணயச்சாலையே சொல்லிவிட்டது.

தராசு முதலில், லென்ஸ் அப்புறம்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் நகைக்கடை லென்ஸைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், நூறில் ஒரு பங்கு கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசுதான் முதல் செலவு. 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம். பத்து ரூபாய் 27 மில்லிமீட்டர், 7.71 கிராம். இருபது ரூபாய் 8.54 கிராம். சிறிய எடை ஏற்றத்தாழ்வு எல்லாக் காசிலும் இருக்கும், அது அனுமதிக்கப்பட்டது. ஓரம் குறைந்த காசு எடையிலும் அதற்கேற்பக் குறைய வேண்டும். வேறு உலோகத் துண்டில் அடித்தது என்றால் எடை அந்த வேறு துண்டின் எடையோடு பொருந்த வேண்டும்.

தராசு கைவிடும் இடமும் உண்டு. 2011 வரிசை இரண்டு ரூபாயும் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், அதே துருப்பிடிக்காத எஃகு. பழைய ஒரு ரூபாயின் அளவு அப்படியே. அதேபோல 1988இல் தொடங்கிய எஃகு ஐம்பது பைசாவும் இந்தப் புதிய ஒரு ரூபாயும் 3.79 கிராம்தான். ஆகவே "பழைய ஒரு ரூபாய்ப் பிளாங்கில் அடித்த இரண்டு ரூபாய்" என்று யாராவது 2011 வரிசைக் காசை நீட்டினால், எடையும் அளவும் காந்தமும் எதையும் நிரூபிக்காது. நிரூபிக்க முடியாத பிழைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பிழையே இல்லாதவற்றையும் கழித்துவிடுங்கள். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய், காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசா எல்லாம் அரசே திட்டமிட்டு ஏராளமாக வெளியிட்டவை. 1990களில் நம் காசுகளில் ஒரு பகுதி மெக்சிகோ போன்ற வெளிநாடுகளில் அடித்து வந்தது. அறிமுகமில்லாத குறி ஒன்று ஆண்டுக்குக் கீழே இருந்தால் அதுவாக இருக்கலாம். பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷனோ வரியோ கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கும் மோசடி பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பிழைக் காசு வைத்திருப்பவர்களையும் இதே கூட்டம்தான் தேடி வருகிறது.

உங்களிடம் உள்ள காசு இத்தனை கேள்வியையும் தாண்டி நிற்கிறதென்றால், அதைத் தேய்க்காதீர்கள், கழுவவும் வேண்டாம். முகப்பு, பின்பக்கம், பக்கவாட்டு ஓரம் என மூன்றையும் சாய்வான வெளிச்சத்தில் படமெடுங்கள். எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொண்டு, விற்கிற ஆளாக இல்லாத ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் காட்டுங்கள். அவர் முதலில் திருப்பிப் பார்ப்பது குறை இருக்கும் பக்கத்தை அல்ல, அதன் மறுபக்கத்தைத்தான். விலை உயர்ந்ததாகத் தோன்றினால் மட்டும் என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரித் தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். சாதாரண அச்சு விரிசலுக்கு அனுப்பினால் சான்றிதழின் செலவு காசின் விலையைவிட அதிகமாகிவிடும்.